அழுத்தக் கலனுக்குள் அகச்சிவப்பு: தெரிவதும் நடப்பதும்

மெத்தனாலோடு கார்பன் மோனாக்சைடைச் சேர்த்து அசெட்டிக் அமிலம் எடுக்கும் வினைக்கலனுக்குள் வெப்பநிலை 150 முதல் 200 டிகிரி செல்சியஸ். அழுத்தம் வெளிக்காற்றைப் போல 30 முதல் 60 மடங்கு. அயோடைடு கலந்த சூடான அமிலம் சாதாரண எஃகை அரித்துவிடும் என்பதால் கலனைச் சிர்கோனியத்திலோ ஹாஸ்டெல்லாய் என்ற நிக்கல் கலவையிலோ செய்கிறார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் வேலை முழுவதையும் செய்வது, கரைசலில் மில்லியனில் சில நூறு பங்கு அளவே இருக்கும் ரோடியம். அது எந்த உருவில் இருக்கிறது, எவற்றோடு பிணைந்து நிற்கிறது, வினைச் சுழற்சியின் எந்தப் படியில் தேங்கிக் கிடக்கிறது என்பவை தெரியாமல் இந்த வினையைச் செம்மைப்படுத்த முடியாது. கலனைத் திறந்து பார்க்கவும் முடியாது.

மாதிரி எடுத்துச் சோதித்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, எடுத்த பருக்கை பானைக்கு வெளியிலும் அதே பருக்கையாக இருப்பதால்தான் செல்லுபடியாகிறது. அழுத்தக் கலனில் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். வால்வைத் திறந்து சில மில்லிலிட்டர் கரைசலை வெளியே விட்டவுடன் அதில் கரைந்திருந்த வாயு நுரைத்து ஓடிவிடுகிறது, சூடு இறங்குகிறது, காற்று படுகிறது. கோபால்ட் ஹைட்ரைடோ டெட்ராகார்போனைல் போன்ற ஒரு சேர்மம் கார்பன் மோனாக்சைடின் அழுத்தம் விலகினால் சிதைந்துபோகும். விளைபொருள் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை அந்த மாதிரியிலிருந்து ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். வினையூக்கி என்ன உருவில் இருந்தது என்பதை அதிலிருந்து சொல்ல முடியாது. சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்தபடியே கரைசலுக்குள் ஒளியைச் செலுத்திப் படிக்கும் முறைகள் வளர்ந்ததற்கு இதுவே அடிப்படைக் காரணம். அவற்றில் அகச்சிவப்பு நிறமாலையியல் முன்னணியில் நிற்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்தத் துறையில் நடந்தவற்றைச் சேர்த்துப் பார்க்கையில் எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது: கருவியின் கூர்மையைவிட, ஒளி படும் துளித் திரவம் வினை நடக்கும் திரவத்தின் அதே நிலையில் இருக்கிறதா என்ற கேள்வியே இங்கே முடிவுகளைத் தீர்மானிக்கிறது.

மூலக்கூறுகளில் அணுக்களின் பிணைப்புகள் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலான பிணைப்புகள் தமக்குரிய அதிர்வெண் கொண்ட அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகின்றன. வேதியியலாளர்கள் இதை ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை அலைகள் என்ற அலையெண்ணால் குறிப்பார்கள். தனித்திருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயு 2143 செ.மீ⁻¹ அலையெண்ணில் உறிஞ்சுகிறது. அதே மூலக்கூறு ஓர் உலோக அணுவோடு பிணையும்போது, உலோகத்திலிருந்து வரும் எலக்ட்ரான்கள் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலுள்ள பிணைப்பைத் தளர்த்துகின்றன; அலையெண் இறங்குகிறது. எவ்வளவு இறங்கியது என்பதை வைத்து உலோகத்தின் மின்சுமையைக் கணிக்கலாம். எத்தனை பட்டைகள், எந்த விகிதத்தில் என்பதை வைத்து மூலக்கூறின் வடிவத்தைக் கணிக்கலாம். பெரும்பாலான கரைப்பான்கள் 1850 முதல் 2150 வரையிலான பகுதியில் ஏறக்குறைய மௌனமாக இருப்பது வேதியியலாளருக்குக் கிடைத்த பெரும் கொடை. கார்பனைல் பட்டைகள் கூர்மையானவை, வலுவானவை. சில மில்லிமோல் செறிவுள்ள வினையூக்கியையும் அவை காட்டிக்கொடுத்துவிடும். அழுத்த அகச்சிவப்பின் வரலாறு பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு வினைகளின் வரலாறாக இருப்பதற்கு இந்த வசதிதான் காரணம்.

வில்லியம் ஹெர்ஷல் 1800-ல் சிவப்புக்கு அப்பாலுள்ள வெப்பக் கதிரைக் கண்டறிந்தது பள்ளிப் பாடத்தில் வருவது. நம் விஷயத்துக்குத் திருப்புமுனை பின்னால் வருகிறது: 1960-களின் இறுதியில் டிஜிலேப் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபூரியே உருமாற்ற நிறமாலைமானி. பழைய கருவிகள் ஒவ்வோர் அலையெண்ணாக நகர்ந்து ஒரு நிறமாலையை எடுத்து முடிக்கப் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் வினை நகர்ந்துவிடும். புதிய கருவி எல்லா அலையெண்களையும் ஒரே நேரத்தில் அளந்து நொடிகளில் முடித்தது. வினையை ஓடவிட்டுத் தொடர்ந்து படிப்பது அதன் பிறகே எளிதானது.

கருவி எளிது; கலன்தான் கடினம். கண்ணாடியும் குவார்ட்சும் நமக்கு வேண்டிய அகச்சிவப்புப் பகுதியின் பெரும்பங்கை மறைத்துவிடும். சோடியம் குளோரைடும் பொட்டாசியம் புரோமைடும் ஒளியை நன்றாக விடும், ஆனால் தண்ணீரில் கரைந்துபோகும். கால்சியம் ஃபுளோரைடு தண்ணீருக்கு அசையாது, சுமார் 1100 வரை ஒளியும் விடும். ஆனால் திடீரென்று சூடேற்றினால் விரிசல் விடும். துத்தநாக செலினைடு அகன்ற பரப்பில் ஒளி விடும். அமிலம் பட்டால் ஹைட்ரஜன் செலினைடு என்ற கொடிய நச்சு வாயு வரும். ஜெர்மானியம் அறை வெப்பத்தில் அருமையாக வேலை செய்து, 100 டிகிரியைத் தாண்டும்போது ஒளியை மறிக்கத் தொடங்கும். நீலக்கல் அழுத்தத்தைத் தாங்குவதில் முதல் தரம், ஆனால் சில மில்லிமீட்டர் தடிமனில் 1800-க்குக் கீழே அதன் வழியாக அனேகமாக எதுவும் தெரியாது. எஸ்டரும் அமிலமும் ஆல்டிஹைடும் காட்டும் 1700-ஐ ஒட்டிய பட்டைகள் அதோடு போய்விடும். எல்லா வினைக்கும் பொருந்தும் சன்னல் என்று ஒன்று கிடையாது.

சன்னல் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பது திறப்பின் விட்டத்துக்கு நேர்விகிதத்திலும், அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. அதனால் திறப்பைச் சிறிதாக, ஒரு சென்டிமீட்டர் அளவில் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு சன்னல்களுக்கு இடையே திரவம் நிற்கும் இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு. அதற்கு மேல் போனால் கரைப்பானே ஒளியை எல்லாம் விழுங்கிவிடும். சன்னலையும் உலோகத்தையும் இணைக்கும் இடம் இன்னும் தொல்லையானது. எஃகு சூட்டில் ஒருவிதமாக விரிகிறது, படிகம் வேறுவிதமாக விரிகிறது. குளிரில் இறுக்கமாக முடுக்கிய திருகு சூட்டில் தளர்ந்து கசியும். கசிவுக்கு அஞ்சி மேலும் முடுக்கினால் படிகம் கீறிவிடும். டெஃப்லான் வளையம் சூட்டில் மெல்ல வழிந்து நகரும், ரப்பர் வளையம் கரைப்பானைக் குடித்து உப்பும். இணைப்பின் இந்தச் சிறு விவரங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வரியில் முடிந்துவிடுகின்றன. ஆய்வகத்தில் வாரங்களைத் தின்பவை அவைதான்.

நடைமுறையில் மூன்று வகை அமைப்புகள் நிலைத்துவிட்டன. முதலாவது, அழுத்தக் கலனிலிருந்து மெல்லிய குழாய் வழியாகக் கரைசலை வெளியே உள்ள சிறு கலத்துக்கு இறைத்து, ஒளியில் காட்டி, திரும்ப அனுப்புவது. இரண்டாவது, கலனின் சுவரிலேயே சன்னல்களைப் பொருத்தி, கலக்கியைச் சன்னலுக்குப் பக்கத்திலேயே சுழலவிடுவது. ஒலிஃபீனோடு கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்து ஆல்டிஹைடு எடுக்கும் ஹைட்ரோஃபார்மிலேற்ற ஆய்வுக்கு ஆம்ஸ்டர்டாமில் வான் லீவன் குழு பயன்படுத்திய துத்தநாக சல்ஃபைடு சன்னல் கலன் இந்த வகை. மூன்றாவது, ஏடிஆர் என்ற உள்எதிரொளிப்பு முறை. ஒளி ஒரு வைரத்துக்குள்ளோ சிலிக்கானுக்குள்ளோ எதிரொளித்துத் திரும்பும்போது, பரப்பைத் தாண்டி ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் ஆழத்துக்குத் திரவத்தைத் தொட்டுப் பார்க்கிறது. மெட்லர் டொலீடோவின் ரியாக்ட்ஐஆர் போன்ற கருவிகளில் ஒரு நீண்ட உலோகத் தண்டின் நுனியில் இந்தப் படிகம் இருக்கும். தண்டைக் கலனுக்குள் இறக்கினால் போதும், இடைவெளி பற்றிய கவலை இல்லை, தண்ணீர்க் கரைசலும் தொல்லை தராது. தொழிற்சாலை ஆய்வகங்களில் இது பரவியதன் காரணம் இந்த எளிமைதான்.

ஆனால் எளிமைக்கு விலை உண்டு. மிக மெல்லிய அடுக்கையே பார்ப்பதால் குறைந்த செறிவிலுள்ள வினையூக்கி கண்ணில் படாமல் போகலாம். நுனியில் ஒரு வாயுக் குமிழி ஒட்டினாலும், விளைபொருள் படிகமாகப் படிந்தாலும் நிறமாலை முழுக்க அதைப் பற்றியதாகிவிடும். வைரம் தானே சுமார் 1900 முதல் 2300 வரையில் ஒளியை உறிஞ்சுகிறது. உலோகக் கார்பனைல்களும் ஐசோசயனேட்டும் அசைடும் தம் பட்டைகளைக் காட்டும் பகுதி அதுவேதான். கார்பன் மோனாக்சைடு வினையைப் படிக்க வைர நுனியை வாங்கி வைத்துக்கொண்டு அவதிப்படுவதைவிட, அந்தப் பகுதியில் தெளிவாக இருக்கும் சிலிக்கான் நுனியைத் தேர்வது நல்லது.

இந்த மூன்றிலும் பொதுவான ஓர் ஆபத்து உண்டு. திரவத்தில் கரைந்திருக்கும் வாயு, வினையில் செலவாகிக்கொண்டே இருக்கிறது. மேலே இருக்கும் வாயுவிலிருந்து அதை ஈடுசெய்வது கலக்கியின் வேலை. குழாய்க்குள் நுழைந்த கரைசலுக்கு மேலே வாயு இல்லை. வினை மட்டும் தொடர்கிறது. சில நொடிகளில் அந்தத் திரவம் வாயுப் பஞ்சத்தில் விழுந்துவிடும். கலனின் அடியில் பதித்த ஏடிஆர் படிகத்தைச் சுற்றிக் கலக்கல் போதாவிட்டாலும் இதே நிலைதான். அழுத்தமானி 50 என்று காட்டும். ஒளி பார்க்கும் துளியில் கார்பன் மோனாக்சைடு அனேகமாக இருக்காது. அங்கே ரோடியம் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து புதிய பட்டைகளைக் காட்டும். அவற்றைப் பார்த்து, வினையை நடத்துவது கொத்துச் சேர்மம்தான் என்று முடிவுகட்டுவது எளிது. அந்த முடிவு தவறாக இருக்கும்.

அசெட்டிக் அமில வினையில் இந்த விஷயம் முழுமையாக வெளிப்படுகிறது. மான்சாண்டோ நிறுவனம் 1970-ல் டெக்சஸ் சிட்டியில் ரோடியம், அயோடைடு கொண்ட ஆலையைத் தொடங்கியது. வினையின் வேகம் ரோடியத்தின் அளவையும் மெத்தில் அயோடைடின் அளவையும் சார்ந்திருந்தது. மெத்தனாலையும் கார்பன் மோனாக்சைடின் அழுத்தத்தையும் சார்ந்திருக்கவில்லை. டெனிஸ் ஃபார்ஸ்டர் 1976-ல் வினைச் சூழலிலேயே அகச்சிவப்பு நிறமாலையை எடுத்துப் பார்த்தபோது 2059-லும் 1988-லும் இரண்டு வலுவான பட்டைகள் தெரிந்தன. இரண்டு கார்பன் மோனாக்சைடும் இரண்டு அயோடைடும் கொண்ட ரோடியம் எதிரயனியின் அடையாளம் அது. ஓடும் வினையில் ரோடியம் முக்கியமாக அந்த உருவிலேயே காத்திருக்கிறது. மெத்தில் அயோடைடு வந்து அதோடு சேர்வதுதான் மெதுவான படி. வேகக் கணக்கும் நிறமாலையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் இந்த முடிவு இன்றுவரை அசையவில்லை.

அடுத்த இடைநிலை, மெத்தில் தொகுதி ரோடியத்தில் ஒட்டிய சேர்மம், பதினைந்து ஆண்டுகள் கண்ணில் படவில்லை. அது உருவாகும் வேகத்தைவிட மிக வேகமாக அடுத்த படிக்குப் போய்விடுவதே காரணம். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மெய்ட்லிஸ், அந்தோணி ஹெய்ன்ஸ் குழு 1991-ல் மெத்தில் அயோடைடையே கரைப்பானாக வைத்து அந்த இடைநிலையின் அளவைக் கொஞ்சம் உயர்த்தியது. 2104-ஐ ஒட்டி ஒரு சிறு பட்டை எழுந்தது. அதன் துணைப் பட்டை 2060-ல், மூலச் சேர்மத்தின் பெரிய பட்டைக்குள்ளேயே புதைந்து கிடந்தது. 2104-ல் இருந்த அந்தச் சிறு மேட்டை மட்டும் நம்பி, அது மூலப் பட்டையோடு எப்படிக் கூடிக் குறைகிறது என்று கணக்கிட்டு, சேர்மத்தை நிறுவினார்கள். பொறுமையும் கணக்கும் சேர்ந்தால் அகச்சிவப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இதே வினையில் கார்பன் மோனாக்சைடு குறைந்தால் என்ன நடக்கும் என்பதும் ஆலைக்கு முக்கியம். வினைக்கலனை விட்டு வரும் கரைசல் அழுத்தம் குறைந்த தொட்டிக்குப் போய், அங்கே அமிலம் ஆவியாகிப் பிரிகிறது. அந்தத் தொட்டியில் கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவு. ரோடியம் ஆக்சிஜனேற்றம் அடைந்து, 2090-ஐ ஒட்டிப் பட்டை காட்டும் நான்கு அயோடைடு கொண்ட உருவுக்கு மாறி, மேலும் கார்பன் மோனாக்சைடை இழந்து ரோடியம் அயோடைடாக அடியில் படியும். விலைமதிப்புள்ள உலோகம் இப்படி வீணாகாமல் இருக்கக் கரைசலில் நிறையத் தண்ணீர் வைத்திருந்தார்கள். தண்ணீரைப் பிரித்தெடுக்க எரிபொருள் செலவானது. பின்னாளில் செலனீஸ் நிறுவனம் லித்தியம் அயோடைடைச் சேர்த்துத் தண்ணீரைக் குறைத்தது. ஆய்வகத்தில் தவறான நிறமாலையைத் தரும் வாயுப் பஞ்சம், ஆலையில் ரோடியத்தையே பறிகொடுக்க வைக்கும் நிகழ்வு. வினைக்கலனின் நிறமாலை மட்டும் போதாது, பிரிப்புத் தொட்டியின் நிலையிலும் நிறமாலை எடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிபி நிறுவனம் 1996-ல் அறிவித்த காட்டிவா முறையில் ரோடியத்தின் இடத்தில் இரிடியம் வந்தது. மெத்தில் அயோடைடு இரிடியத்தோடு சேர்வது ரோடியத்தைவிடச் சுமார் 150 மடங்கு வேகம். அதனால் தேங்கும் இடம் மாறியது. அழுத்த நிறமாலையில் இப்போது தெரிவது மெத்தில் ஒட்டிய இரிடியச் சேர்மம். அடுத்த படிதான் மெதுவானது. அந்தச் சேர்மத்திலிருந்து ஓர் அயோடைடைப் பிடுங்கினால் வினை விரைகிறது. ருத்தீனியம் கார்பனைல் அயோடைடு சேர்ப்பது அதற்காகத்தான்.

கோபால்ட்டில் கதை பழையது. ஓட்டோ ரோலன் 1938-ல் ஜெர்மனியின் ரூர்கெமி நிறுவனத்தில் ஹைட்ரோஃபார்மிலேற்றத்தைக் கண்டறிந்தார். ஹெக்கும் பிரெஸ்லோவும் 1960-களின் தொடக்கத்தில் அதன் படிகளை முன்மொழிந்தார்கள். ஐசிஐ நிறுவனத்தின் வைமன் 1974-ல் அழுத்தத்தில் அகச்சிவப்பு எடுத்தபோது, இரட்டைப் பிணைப்பு நுனியில் உள்ள ஆக்டீனுக்கு அசைல் கோபால்ட் டெட்ராகார்போனைல் மேலோங்கித் தெரிந்தது. பிணைப்பு நடுவில் உள்ள ஆக்டீன்களுக்கு அது தெரியவில்லை, ஹைட்ரைடும் இரட்டைக் கோபால்ட் கார்பனைலும் தெரிந்தன. ஒரே வினையூக்கி, ஒரே கலன். ஒலிஃபீனின் வடிவம் மாறியதும் தேங்கும் இடம் மாறுகிறது. ரோடியத்தில் அதற்கு ஒத்த அசைல் சேர்மத்தை மார்க் கார்லண்ட் 1989-ல் வினை நடக்கையிலேயே பதிவு செய்தார். பிற்காலத்தில் சிங்கப்பூரில் அவரது குழு, ஒன்றன்மேல் ஒன்று படிந்த நூற்றுக்கணக்கான நிறமாலைகளிலிருந்து தனித்தனிச் சேர்மங்களின் நிறமாலையை முன்னறிவு இல்லாமலேயே பிரித்தெடுக்கும் கணிதமுறையை உருவாக்கியது. இந்தத் துறையில் கணிதம் செய்த உதவிகளில் இதையே நான் முதலில் வைப்பேன். கலத்துக்குள் வாயுப் பஞ்சம் இருந்தால், அந்தக் கணிதம் பஞ்சத்தில் இருந்த சேர்மங்களைத்தான் துல்லியமாகப் பிரித்துக் கொடுக்கும்.

இன்னொரு தடுமாற்றமும் உண்டு. அதிகமாகத் தெரியும் சேர்மமே வினையை நடத்துகிறது என்ற நினைப்பு. ஜாக் ஹால்பெர்ன் சிகாகோவில் ரோடியத்தைக் கொண்டு சமச்சீரற்ற ஹைட்ரஜனேற்றத்தை ஆராய்ந்தபோது, வினையூக்கியும் மூலப்பொருளும் சேர்ந்த இரு இணைப்புகளில் கரைசலில் மேலோங்கியிருந்தது மந்தமானது என்றும், கண்ணில் அரிதாகவே படும் மற்றதே விளைபொருளைத் தருகிறது என்றும் காட்டினார். அவர் பயன்படுத்தியது அகச்சிவப்பு அல்ல. ஆனாலும் அழுத்தக் கலனில் நிறமாலை எடுக்கும் எல்லோருக்கும் அது பொருந்தும். ஒரு பட்டை உயரமாக இருப்பது, அந்தச் சேர்மத்திலிருந்து வெளியேறும் வழி மெதுவானது என்பதற்கு அடையாளம். அது சுழற்சிக்குள் இருக்கும் தேக்கமா, சுழற்சிக்கு வெளியே ஒதுங்கிய கிடங்கா என்பதை வேக அளவீடுதான் சொல்லும்.

சூடும் தன் பங்குக்கு ஏமாற்றும். சூடேறும்போது பட்டைகள் அகன்று, கொஞ்சம் நகர்கின்றன. திரவம் விரிவதால் ஒரு மில்லிலிட்டரில் இருக்கும் மூலக்கூறுகள் குறைகின்றன. வினையே நடக்காமல் பட்டை தாழும். அறை வெப்பத்தில் போட்ட அளவுகோலை 180 டிகிரியில் பயன்படுத்தினால் கிடைக்கும் செறிவு தவறாகத்தான் இருக்கும். சூடான கரைசல் தானே அகச்சிவப்பை உமிழ்கிறது. ஃபூரியே கருவிக்குள் இருக்கும் குறுக்கீட்டுமானியைக் கடந்த பிறகே ஒளி கரைசலுக்கு வரும் அமைப்பில், நேராக உணரிக்குப் போகும் உமிழ்வு பெரும்பாலும் தொல்லை தராது. பின்னோக்கிச் சென்று குறுக்கீட்டுமானியில் புகுந்து திரும்பும் பங்கு பட்டைகளின் உயரத்தைக் கெடுக்கும். பின்னணி நிறமாலையை வினை நடக்கும் அதே சூட்டில், அதே அழுத்தத்தில், அதே கரைப்பானில் எடுப்பது தவிர்க்க முடியாத ஒழுங்கு.

அகச்சிவப்புக்கு எட்டாதவையும் உண்டு. ஹைட்ரஜன் மூலக்கூறின் அதிர்வில் மின்னிருமுனை மாறாததால் அது அகச்சிவப்பில் தெரியாது. ஹைட்ரஜன் அழுத்தத்தில் நடக்கும் வினைக்கு இது பெரிய குறை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1928-ல் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறலில் அதே ஹைட்ரஜன் 4160-ஐ ஒட்டித் தெளிவாகத் தெரியும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியே போதும் என்பதால் ராமன் முறைக்கு நீலக்கல் சன்னலும் தடையில்லை, தண்ணீரும் தடையில்லை. ஆனால் அடர்நிறக் கரைசல்களில் ஒளிர்வு மேலெழுந்து அதை மூடிவிடும். இரண்டையும் ஒரே கலனில் வைத்துப் பார்ப்பதே சரி. மீமாறுநிலை கார்பன் டைஆக்சைடைக் கரைப்பானாக வைக்கும் வினைகளில், கரைப்பானின் சொந்தப் பட்டை 2349-ஐச் சுற்றி ஒரு பெரிய சுவராக நிற்கும். அந்தப் பகுதியை விட்டுவிட்டுத்தான் பேச வேண்டும்.

மருந்து உற்பத்தியில் இந்தக் கருவிகள் பரவ, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004-ல் வெளியிட்ட செயல்முறைப் பகுப்பாய்வு வழிகாட்டுதல் ஊக்கம் கொடுத்தது. ஆலைத் தளத்தில் இதன் முதன்மைப் பயன், சேர்த்த மூலப்பொருள் வினைபுரியாமல் தேங்குகிறதா என்று காட்டுவது. தேங்கிய மூலப்பொருள் ஒரே மூச்சில் வினைபுரிந்தால் கலன் வெடிக்கும். இருந்தாலும் கருவியின் எல்லையைச் சொல்லியாக வேண்டும். 2007 டிசம்பர் 19 அன்று புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் டி2 லேபரட்டரீஸ் ஆலை வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். மாங்கனீஸ் கார்பனைல் சேர்மம் ஒன்றைத் தயாரிக்கும் முதல் கட்டத்தில், கார்பன் மோனாக்சைடு சேர்ப்பதற்கு முன்பே, குளிர்விப்பு நின்றுபோனது. சூடு சுமார் 200 டிகிரியை எட்டியபோது சோடியமும் டைகிளைம் கரைப்பானும் வினைபுரியத் தொடங்கின. அந்த வேகத்தில் எந்த நிறமாலைமானியும் யாரையும் காப்பாற்றியிருக்காது. இயக்கும் வெப்பநிலைக்கு மேலேயும் சூடேற்றி, வெளிவரும் வெப்பத்தை வெப்பஅளவி கொண்டு முன்கூட்டியே அளந்திருந்தால் அந்த இரண்டாம் வினை ஆய்வகத்திலேயே தலைகாட்டியிருக்கும். எந்தச் சேர்மம் குறைகிறது என்று அகச்சிவப்பு சொல்லும், எவ்வளவு வெப்பம் வருகிறது என்று வெப்பஅளவி சொல்லும். பாதுகாப்பு ஆய்வில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடக் கூடாது.

வெளியாகும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு இருக்கும் குறை ஒன்றுதான். நிறமாலை அழகாக அச்சாகிறது. கலக்கி எந்த வேகத்தில் சுழன்றது, கரைசல் குழாயில் எத்தனை நொடி இருந்தது, ஒளி படும் இடத்தில் வாயு எப்படி நிரப்பப்பட்டது என்பவை பெரும்பாலும் இல்லை. சோதிப்பது கடினமில்லை. கலக்கியின் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டும், இறைக்கும் வேகத்தைப் பாதியாக்க வேண்டும், கார்பன் மோனாக்சைடின் அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். பட்டைகளின் விகிதம் கலக்கியோடும் இறைப்போடும் சேர்ந்து மாறினால், ஒளி பார்த்தது பட்டினி கிடக்கும் திரவம். மாறாமல் நின்றால் மட்டுமே அந்த நிறமாலையை வேகக் கணக்கோடு ஒப்பிடத் தொடங்கலாம். அரை நாள் வேலை. இந்தச் சோதனையின் முடிவை நிறமாலைக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு அட்டவணையாகக் கேட்பதை இதழ்களின் மதிப்பீட்டாளர்கள் வழக்கமாக்க வேண்டும்.